மணற்பாங்கு நிலத்தில் கொல்லைப்புறப் பந்தல்

திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில், பழவேற்காட்டு ஏரிக்கும் எண்ணூர்க் கழிமுகத்துக்கும் இடையே, கிழக்கே வங்காள விரிகுடாவும் மேற்கே பக்கிங்ஹாம் கால்வாயும் எல்லையாக, ஒடுங்கி நீண்ட மணற்பரப்பொன்று உள்ளது. காட்டுப்பள்ளி இம்மணற்பரப்பிலுள்ள ஊராகும். சவுக்கும் பனையும் செழித்து வளரும் இந்நிலத்தில், பெருநிழல் தரும் மரங்கள் சொற்பமே. ஆகவே பங்குனி பிறந்தது முதல் ஆவணி முடியும் வரையில், வீட்டின் பின்புறத் திறந்த முற்றம் பகற்பொழுதில் பெரும்பான்மையும் உபயோகமற்றுக் கிடக்கின்றது. விளைபொருளைத் தரம் பிரித்தல், விதை காயவைத்து எடுத்தல், கறவை மாட்டைக் கட்டுதல், வலை பழுது பார்த்தல், விருந்தினரை உபசரித்தல் ஆகிய பல காரியங்களுக்கும் நிழல் வேண்டியிருத்தலால், கோடைதோறும் கொல்லைப்புறத்தில் பந்தலிடுவது இப்பக்கத்து வழக்கமாகும்.

பந்தல் சில மாதங்களுக்கு மட்டுமே நிற்பது. அக்காரணம் பற்றியே அதனை அமைப்பதில் போதிய கவனம் செலுத்தப்படுவதில்லை. இரண்டடி ஆழத்தில் கால் நட்டு, கைக்குக் கிடைத்த கயிற்றால் கட்டி, மேலே கீற்றையோ தார்ப்பாயையோ பரப்பிவிடுவதுடன் வேலை முடிந்ததாக எண்ணப்படுகிறது. களிமண் நிலத்தில் இவ்வாறிட்ட பந்தல் ஒருவாறு நிற்கக்கூடும். மணலில் அஃது நில்லாது. ஒரு கோடையிடிமழையின் முன்வரும் காற்றிலேயே பந்தல் பெயர்ந்து, அண்டை வீட்டுக் கூரையின்மேலோ மின்கம்பியின்மேலோ விழுமாயின், நஷ்டம் கீற்றோடும் கழியோடும் நிற்பதில்லை. உயிர்ச்சேதமும் நேரக்கூடும். ஆதலால் மணற்பாங்கான கடற்கரைக் கிராமங்களில் பந்தல் எவ்வாறு அமைக்கப்படவேண்டும், எப்பொழுது பிரிக்கப்படவேண்டும் என்னும் விஷயங்கள் இங்கே விவரிக்கப்படுகின்றன.

இடமும் திசையும்

பந்தலுக்கு இடம் தேர்வதில் முதலாவதாக மேலே நோக்குதல் வேண்டும். மின்கம்பி செல்லும் இடத்தின் கீழோ, பந்தல் சாய்ந்தால் கம்பியைத் தொடக்கூடிய தூரத்திலோ பந்தலிடலாகாது. பட்டுப்போன பனையும், மட்டை உதிரும் தென்னையும் அருகில் இருத்தல் ஆகாது. இரண்டாவதாக, வீட்டுக் கூரைக்கும் பந்தலுக்கும் இடையே குறைந்தது மூன்றடி இடைவெளி விடுதல் நன்று. கால்களை மிச்சப்படுத்த எண்ணி, பந்தலின் ஒரு பக்கத்தை வீட்டின் இறவாரத்தோடு சேர்த்துக் கட்டுவோர் உளர். காற்றில் பந்தல் எழும்பினால் வீட்டு ஓடும் உடன் பெயரும். பந்தலில் தீப்பற்றினால் அதுவும் நேரே வீட்டுக்குள் ஏறும்.

மூன்றாவதாகக் கவனிக்கத்தக்கது சூரியனின் போக்கு. இவ்வூர்களில் ஏப்ரல் மாதக் கடைசி வாரத்திலும் ஆகஸ்டு மாத மத்தியிலும் நண்பகற் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அப்பொழுது பந்தலின் நிழல் பந்தலுக்கு நேர் கீழே விழுகின்றது. ஆனால் பிற்பகல் 3 மணியளவில் சூரியன் ஏறக்குறையப் பாதி வானம் சாய்ந்துவிடுவதால், எட்டடி உயரமுள்ள பந்தலின் நிழல் சுமார் எட்டடி கிழக்கே நகர்ந்துவிடும். உச்சிவேளை நிழலை மட்டும் அளந்து பந்தலிட்டவர், பிற்பகலில் பந்தலின் கீழேயே வெயிலில் அமர நேரிடுவது இதனாலேயாம். ஆகவே நிழல் வேண்டிய இடத்துக்கு மேற்கே சில அடிகள் பந்தலை நீட்டுதல் வேண்டும். அதற்கு இடமில்லையாயின், மேற்குப் பக்கத்தில் சுருட்டி எடுக்கத்தக்க ஓலைத்தட்டி ஒன்றைத் தொங்கவிடுதல் போதும். கிழக்குப் பக்கத்தை அடைத்தலாகாது. பிற்பகலில் கடற்காற்று புகுந்து பந்தலின் கீழுள்ள வெப்பத்தை அகற்றுவது அவ்வழியாகவே.

அளவும் சாமான்களும்

சாதாரணக் குடும்பத்துக்கு 20 அடி நீளமும் 15 அடி அகலமுமுள்ள பந்தல் போதியது. நீளவாட்டில் பத்தடிக்கு ஒன்றும், அகலவாட்டில் ஏழரை அடிக்கு ஒன்றுமாக ஒன்பது கால்கள் இதற்கு வேண்டும். காலுக்கு உள்ளூர்ச் சவுக்கே ஏற்றது. நான்கு அல்லது ஐந்து வருஷத்து மரத்தில், அடிப்பக்கம் மூன்றரை அங்குலக் கனத்துக்குக் குறையாமலும், 11 அடி நீளத்துக்குக் குறையாமலும், கோணலின்றியும் உள்ள கழிகளைத் தெரிந்தெடுக்க வேண்டும். பட்டையை உரித்து, நிழலில் உலர்த்தி, மண்ணுக்குள் செல்லும் பாகத்தையும் அதற்கு மேல் அரையடியையும் தீயில் கருக்கியோ தார் பூசியோ வைத்துக்கொண்டால், கறையானும் உக்கலும் விரைவில் அணுகா. பட்டையோடு நட்ட சவுக்கு, வெளிப்பார்வைக்கு நன்றாக நிற்கும்போதே மண்மட்டத்தில் மக்கிப்போயிருக்கும்.

குறுக்கு வளைகளுக்கு மெலிந்த சவுக்கையோ மூங்கிலையோ உபயோகிக்கலாம். வளைகளின்மேல் ஒன்றரை அடி இடைவெளியில் பிளந்த மூங்கில் வரிச்சுகள் பரப்பப்படும். கட்டுவதற்குத் தென்னை நார்க்கயிறு சிலாக்கியமானது. உப்புக்காற்றில் சாதாரண இரும்புக் கம்பி சில மாதங்களில் துருவேறி இற்றுவிடும். கம்பியே வேண்டுமானால் துத்தநாகம் பூசியதையே வாங்க வேண்டும். வழவழப்பான பிளாஸ்டிக் கயிறு முடிச்சில் வழுக்குவதோடு வெயிலில் நைந்தும் போகிறது. ஆதலால் கால்கட்டுக்கு அதனை நம்பியிருத்தல் கூடாது.

மேல்வேய்தலுக்குத் தென்னங்கீற்று, பனையோலை, நிழல்வலை, தார்ப்பாய் ஆகியவை வழக்கத்தில் உள்ளன. வெப்பத்தைத் தடுப்பதில் கீற்றும் ஓலையும் மேலானவை. ஆனால் இவை எளிதில் தீப்பற்றுவன. நிழல்வலை காற்றைத் தன்னூடே ஒருவாறு விடுவதால் பந்தலின்மேல் விழும் விசை குறைகிறது. பாதி வெயிலைத் தடுக்கும் வலையும், முக்கால் பங்கைத் தடுக்கும் வலையும் கடைகளில் தனித்தனியே கிடைக்கின்றன. மக்கள் அமர்வதற்கும் மாடு கட்டுவதற்கும் முக்கால் பங்கு தடுப்பதே ஏற்றது. தார்ப்பாயோ காற்றைச் சிறிதும் விடுவதில்லை. அதன் கீழே புழுக்கமும் மிகுதி. ஆகையால் கடற்கரையில் தார்ப்பாய்ப் பந்தலைக் கூடியவரையில் தவிர்ப்பதே விவேகமாகும்.

காற்றின் விசை

பந்தல் தன் பாரத்தால் விழுவது அபூர்வம். காற்றால் மேலே தூக்கப்பட்டு விழுவதே பெரும்பான்மை. காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் விசை நான்கு மடங்காகிறது. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகமுள்ள காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பின்மேல் சுமார் 6 கிலோ எடைக்குச் சமமான விசையைச் செலுத்தும். வேகம் 72 கிலோமீட்டரானால் அவ்விசை சுமார் 24 கிலோவாகவும், 108 கிலோமீட்டரானால் சுமார் 55 கிலோவாகவும் உயரும்.

மேற்சொன்ன 20 அடிக்கு 15 அடிப் பந்தலின் பரப்பு ஏறக்குறைய 28 சதுர மீட்டர். 72 கிலோமீட்டர் வேகக் காற்றின் முழு விசையும் அதனைத் தூக்குமாயின், அஃது 670 கிலோவுக்கு மேற்பட்ட எடைக்குச் சமம். பந்தலின் சொந்த எடை இதனினும் மிகக் குறைவு. ஒன்பது கால்களுக்கும் பகிர்ந்தால், ஒவ்வொரு காலும் சுமார் 75 கிலோ விசையால் மேல்நோக்கி இழுக்கப்படும். மூலைக்கால்களின்மேல் விழும் இழுப்பு இதனினும் மிகுதியாயிருக்கும். உலர்ந்த மணலில் வெறுமனே செருகிய கழியை இருவர் சேர்ந்து அசைத்துப் பிடுங்கிவிட முடியும் என்பதை நினைத்தால், பந்தல்கள் ஏன் பறக்கின்றன என்பது விளங்கும்.

கோடையில் இடிமழையின் முன்வரும் சூறைக்காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து மாலையில் திடீரென எழுவது. அதற்கு முன்கூட்டி ஆயத்தம் செய்ய அவகாசம் கிடைப்பதில்லை. ஆகவே பந்தல் முதல்நாளிலேயே அதற்கு ஏற்றவாறு கட்டப்பட்டிருத்தல் வேண்டும்.

கால் நடுதல்

மணலில் காலை நிறுத்துவது கழியன்று, கழியின் அடியின்மேல் படிந்துள்ள மணலின் எடையே. ஒவ்வொரு காலுக்கும் ஒன்றரை அடிச் சதுரமும் மூன்றடி ஆழமும் உள்ள குழி வெட்ட வேண்டும். கழியின் அடியில் ஒன்றேகால் அடி நீளமுள்ள இரண்டு கட்டைகளைச் சிலுவைபோல் குறுக்காக வைத்து, துளையிட்டு ஆணியடித்தோ வெட்டுவாய் கொடுத்துக் கம்பியால் இறுக்கியோ பிணைத்தல் வேண்டும். இக்குறுக்குக்கட்டை குழியின் அடியில் படியும்படி காலை நிறுத்தி, மணலை அரையடி அரையடியாகத் தள்ளி, ஒவ்வொரு படையின்மேலும் நீர்விட்டு நன்றாகக் கிட்டித்தல் அவசியம்.

ஒரு கன அடி மணலின் எடை ஏறக்குறைய 45 கிலோ. மேற்சொன்ன குழி ஆறே முக்கால் கன அடி கொள்ளும். ஆகவே சுமார் 300 கிலோ மணல் அக்குறுக்குக்கட்டையை மேலிருந்து அழுத்திக்கொண்டிருக்கும். 75 கிலோ இழுப்புக்கு இஃது போதியதற்கும் மேலானதே. குறுக்குக்கட்டைக்கு ஆகும் செலவோ மிகச் சொற்பம். சவுக்கு வெட்டிய நுனித்துண்டுகளே அதற்குப் போதும். பந்தல் வேலையில் இந்த ஒரு காரியத்தை விட்டுவிட்டு, மற்றெதைச் சரியாகச் செய்தாலும் பயனில்லை.

மூலைக்கால் நான்குக்கும் இழுகயிறு கட்டுதல் வேண்டும். கால் எட்டடி உயரமானால், அதன் தலையிலிருந்து எட்டடி தூரத்தில் கயிற்றைத் தரையில் இறக்க வேண்டும். அங்கே முளைக்குச்சி அடிப்பதால் பயனில்லை; மணலில் முளை நெகிழ்ந்துவிடும். சாக்கு நிறைய மணல் கட்டி, அதன் நடுவில் கயிற்றைச் சுற்றி, மூன்றடி ஆழத்தில் புதைத்து, மேலே மணலிட்டுக் கிட்டித்தால், அஃது நங்கூரம்போல் நிற்கும். மேற்குப் பக்கத்தில் நடுக்காலுக்கும் ஓர் இழுகயிறு கூடுதலாக இருத்தல் நலம். நடமாடுவோர் காலிடறாதபடி கயிறுகளில் வெள்ளைத்துணி கட்டிவைக்கலாம்.

சட்டம் கட்டுதலும் வேய்தலும்

காலின் தலையில் கவட்டை இருப்பின் வளையை அதில் அமர்த்திக் கட்டலாம். கவட்டை இல்லையேல் பிறைபோல் வெட்டுவாய் கொடுத்து அமர்த்த வேண்டும். வளை மேல்நோக்கிக் கிளம்பாதபடி, கட்டு வளையின் மேலாகச் சென்று காலைச் சுற்றி வருதல் முக்கியம். பக்கவாட்டில் மட்டும் சுற்றிய கட்டு பாரத்தைத் தாங்குமேயன்றித் தூக்குதலைத் தடுக்காது. மூலைகளில் காலுக்கும் வளைக்குமாகச் சாய்வு முட்டுகள் கொடுத்தால், பந்தல் பக்கவாட்டில் ஆடாது.

கீற்று வேய்வதானால் தாழ்ந்த பக்கத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு வரியும் முன்வரியின் பாதியை மூடும்படி மேலேறிச் செல்ல வேண்டும். நாலடி நீளமும் ஒன்றரை அடி அகலமுமுள்ள கீற்றானால், மேற்சொன்ன அளவுப் பந்தலுக்கு 100 கீற்றுக்குக் குறையாமல் தேவைப்படும். ஓரத்துக் கீற்றுகளை இரட்டைக் கட்டாகக் கட்டுதல் வேண்டும். காற்று முதலில் நுழைந்து பெயர்ப்பது ஓரத்தையே. எல்லாம் முடிந்தபின், மேலே பழைய மீன்வலையொன்றை விரித்து நாற்புறமும் வளையோடு இறுக்கிவிட்டால், கீற்று தனித்தனியே பறப்பதற்கு இடமிராது. வலை தாராளமாகக் கிடைக்கும் இவ்வூர்களில் இதற்குத் தனிச் செலவும் இல்லை.

கிழக்கோரத்தைவிட மேற்கோரம் ஓரடி தாழ்வாயிருக்கும்படி அமைத்தால், மாலைவெயில் உள்ளே புகுவது குறையும். தூறல் நீரும் ஒருபுறமாக வடியும். எனினும் கீற்றுப் பந்தல் வெயிலுக்கானதேயன்றிப் பெருமழைக்கானதன்று. தார்ப்பாய் போட்டே தீரவேண்டிய இடத்தில், அது தொய்ந்து நீர் தேங்காதபடி போதிய சரிவு கொடுத்து இழுத்துக் கட்டுதல் வேண்டும். பத்தடிக்குப் பத்தடி இடத்தில் இரண்டங்குலம் நீர் தேங்கினாலே அதன் எடை சுமார் 470 கிலோவாகும். இத்தனை பாரத்தைத் தாங்குமாறு எந்தப் பந்தலும் கட்டப்படுவதில்லை.

தீயிலிருந்து பாதுகாப்பு

காற்றுக்கு அடுத்தபடியாக அஞ்சத்தக்கது தீ. 1997ஆம் வருஷம் ஜூன் மாதம் 7ஆம் தேதி, தஞ்சைப் பெரியகோயில் கும்பாபிஷேகத்தின்போது யாகசாலைப் பந்தல் தீப்பற்றியதில், நாற்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2004ஆம் வருஷம் ஜனவரி 23ஆம் தேதி, ஸ்ரீரங்கத்தில் திருமண மண்டபமொன்றின் மாடியில் இட்டிருந்த கீற்றுப் பந்தல் மின்னிணைப்பிலிருந்து எழுந்த தீயால் எரிந்து, மணமகனுள்ளிட்டுப் பலர் மாண்டனர். அதே வருஷம் ஜூலை 16ஆம் தேதி, கும்பகோணத்தில் பள்ளியொன்றின் சமையலறைத் தீ கீற்றுக் கூரையைப் பற்றியதில் 94 குழந்தைகள் மடிந்தனர். உலர்ந்த கீற்றில் பற்றிய தீ, அதன் கீழே இருப்போர் எழுந்து வெளியேறுவதற்குள் முழுவதும் பரவிவிடுகிறது என்பதே இம்மூன்று துயரங்களிலிருந்தும் அறியவேண்டியது. பந்தல்களில் தீயைத் தடுக்கும் முறைகளுக்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைவனம் 8758 என்னும் எண்ணுள்ள விதித்தொகுப்பொன்றை வெளியிட்டிருக்கிறது.

கொல்லைப்புறப் பந்தலைப் பொறுத்தமட்டில் பின்வரும் ஜாக்கிரதைகள் இன்றியமையாதன. கீற்றுப் பந்தலின் கீழ் அடுப்பு மூட்டலாகாது. விசேஷ நாட்களில் வெளியே சமைப்பதானால், பந்தலிலிருந்து முப்பதடிக்கு அப்பால், கடற்காற்று பொறியைப் பந்தலை நோக்கி அடிக்காத பக்கமாக, அதாவது பிற்பகலில் பந்தலுக்கு மேற்கே, அடுப்பு அமைய வேண்டும். மின்விளக்கும் விசிறியும் வைப்பதானால் கம்பியைக் கீற்றில் செருகாமல், குழாயினுள் செலுத்திக் காலோடு சேர்த்துக் கட்டவேண்டும். பந்தலுக்குள் கம்பியில் இணைப்புப் போடுவதும், சூடேறும் விளக்கைக் கீற்றுக்கு அருகில் தொங்கவிடுவதும் கூடா. மின்கசிவு நேர்ந்தால் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி வீட்டில் பொருத்தப்பட்டிருத்தல் அவசியம். பந்தலின் இரண்டு பக்கங்களிலாவது தடையின்றி வெளியேற வழியிருத்தல் வேண்டும். நீர் நிறைந்த தொட்டியொன்றும், மணல் நிறைத்த வாளிகள் நான்கும் எப்பொழுதும் அருகில் இருக்கட்டும். ஆனால் மின்கம்பியில் எழுந்த தீக்கு மின்சாரத்தை நிறுத்தும் வரையில் நீர் ஊற்றலாகாது, மணலே இடவேண்டும்.

பிரிக்கும் காலம்

நன்றாகக் கட்டிய பந்தலும் புயலைத் தாங்காது. 2016ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 12ஆம் தேதி சென்னை அருகே கரையைக் கடந்த வர்தா புயல், வேரூன்றி நின்ற மரங்களையே ஆயிரக்கணக்கில் சாய்த்தது. அத்தகைய காற்றில் கீற்றும் கழியும் எம்மாத்திரம்! வடகிழக்குப் பருவமழை சாதாரணமாக அக்டோபர் மாதம் 20ஆம் தேதியை ஒட்டித் தொடங்குவது. ஆகவே புரட்டாசி முடிவதற்குள் பந்தலின் மேல்வேய்தலைப் பிரித்துவிடுதல் வேண்டும். மழைக்காலத்தில் மணலினுள் நீர்மட்டம் உயர்ந்து கால்களின் பிடியும் தளர்வதால், இத்தவணையைத் தள்ளிப்போடுதல் தகாது.

தவணைக்கு முன்னரே கடலில் புயற்சின்னம் தோன்றினால், துறைமுகக் கூண்டைக் கவனித்துக்கொள்ளலாம். எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களில் 1 முதல் 11 வரை எண்ணிட்ட எச்சரிக்கைக் கூண்டுகள் ஏற்றப்படுகின்றன. முதலிரண்டு கூண்டுகளும் தூரக் கடலிலுள்ள சின்னத்தைக் குறிப்பன. அப்பொழுது கட்டுகளைச் சோதித்து, ஆட்களை ஏற்பாடு செய்துகொள்ளலாம். மூன்றாம் கூண்டு துறைமுகத்துக்கே பலத்த காற்று நேரும் என்பதைக் குறிப்பதால், அஃது ஏறிய உடனே வேய்தலைப் பிரித்துவிட வேண்டும். காற்று எழுந்தபின் பந்தலின்மேல் ஏறுதல் கூடவே கூடாது. அந்நிலையில் பந்தலை விட்டுவிட்டு மக்களையும் கால்நடைகளையும் அப்புறப்படுத்துவதே முறை.

பிரிக்கும்போது வலை, கீற்று, வரிச்சு என்ற வரிசையில் மேலிருந்து கீழாக இறக்க வேண்டும். உக்கிய கீற்றுகளை எருக்குழியில் இடலாம். கழிகளைக் கழுவி உலர்த்தி, தரையில் படாதபடி கற்களின்மேல் அடுக்கினால் அடுத்த கோடைக்கும் உதவும்.

அதே சட்டத்தில் கொடிப்பந்தல்

கால்களும் வளைகளும் உறுதியாயிருப்பின், மேல்வேய்தலை மட்டும் நீக்கி, சட்டத்தை மழைக்காலத்தில் நிற்கவிடலாம். மூடாத சட்டத்தில் காற்று பிடிக்க அதிக இடமில்லை. தை மாதத்தில் கால்களின் அடியைத் தோண்டிப் பார்த்து, மக்கியவற்றை மாற்றி, மேலே கம்பியோ கயிறோ கட்டங்கட்டமாகப் பின்னி, ஓரங்களில் தொழுவெரு இட்ட குழிகளில் புடல், பாகல், பீர்க்கு முதலியவற்றை விதைத்தால், கோடை முற்றுவதற்குள் கொடி படர்ந்து நிழலும் காயும் ஒருங்கே கிடைக்கும். பச்சைக் கொடி எளிதில் தீப்பற்றுவதில்லை என்பது இதில் மற்றொரு நன்மை. ஆனால் மீஞ்சூரைச் சூழ்ந்த பகுதிகளில் நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்துள்ளமையால், கிணற்று நீரின் உப்பைப் பரிசோதித்து அறிந்த பின்னரே விதைத்தல் வேண்டும்.

கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டியவை

வீடுகள் நெருங்கியுள்ள குப்பங்களில் ஒருவர் பந்தலின் அபாயம் தெரு முழுவதற்கும் உரியது. ஆகவே கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் கோடைத் தொடக்கத்தில் ஒருமுறை ஊரைச் சுற்றிவந்து, மின்கம்பியின் கீழுள்ள பந்தல்களையும், தீயணைப்பு வண்டி செல்லும் பாதையை அடைத்துள்ள பந்தல்களையும் மாற்றியமைக்கும்படி சொல்லுதல் நன்று. புரட்டாசி மாதத்தில் பிரிக்கும் தவணையைத் தண்டோராவாலோ ஒலிபெருக்கியாலோ அறிவிக்கலாம். கூண்டு ஏறிய செய்தி முதியோரும் தனித்திருப்போரும் உள்ள வீடுகளுக்கு நேரில் எட்டும்படியும், அவர்களுடைய பந்தலைப் பிரிக்க ஆள் உதவி கிடைக்கும்படியும் ஏற்பாடு செய்தல் அவசியம். தீயணைப்பு நிலையத்தை அழைக்கும் 101 என்னும் எண் பொதுவிடங்களில் எழுதப்பட்டிருத்தல் வேண்டும்.

சுருக்கம்

1. பந்தல் மின்கம்பியிலிருந்து விலகியும், வீட்டுக் கூரையோடு சேராமலும் இருக்கட்டும்.

2. கால்கள் மூன்றடி ஆழத்தில், அடியில் குறுக்குக்கட்டையோடு, நீர்விட்டுக் கிட்டித்து நடப்பட வேண்டும்.

3. மூலைகளுக்குப் புதைத்த மணல்மூட்டையில் இழுகயிறு கட்டுதல் வேண்டும்.

4. கீற்றின் கீழ் அடுப்பும், கீற்றைத் தொடும் மின்கம்பியும் கூடா.

5. புரட்டாசிக்குள்ளும், அதற்கு முன்னரே மூன்றாம் கூண்டு ஏறினால் அன்றைக்கே, மேல்வேய்தல் இறக்கப்பட வேண்டும்.

இவ்வைந்தும் இரண்டு ஆட்களின் ஓரிரு நாள் உழைப்பில் அடங்குவன. குழியை ஓரடி ஆழமாக வெட்டச் சோம்பியதால் நேரும் நஷ்டத்தை நோக்கினால், இவ்வுழைப்பு ஒரு பொருட்டன்று.